உதவித்தொகை இருந்தும் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, மேற்கு மாவட்டம் ஒன்றில் சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மாநிலத் தகுதித் தேர்வான செட்டில் தேர்ச்சி பெற்றவள். சம்பளம் இன்னும் இருபதாயிரத்தைத் தொடவில்லை. பாட வகுப்புகளோடு ஸ்காலர்ஷிப் இன்சார்ஜ் பொறுப்பும் என்னிடம்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் ஊராக அட்மிஷன் கேன்வாஸிங் போகிறோம். "கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் இருக்கு, காசைப் பற்றிக் கவலைப்படாதீங்க" என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். இரண்டாம் செமஸ்டரில் அவர்களில் பலரைக் காணோம். போன் போட்டால் பனியன் கம்பெனி இரைச்சல் கேட்கிறது. உதவித்தொகை பற்றி வரும் சுற்றறிக்கை ஒன்றுவிடாமல் வகுப்பு வாட்ஸப் குழுவில் போடுகிறேன். அப்படியும் ஏன் இப்படி? பாக்கி உள்ளவர்களின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது. சிலருக்குத் தேர்வுக் கட்டணத்தை நானே கட்டிவிட்டேன், வீட்டில் தெரியாது. இதையே பகுதிநேர பிஎச்.டி.க்குத் தலைப்பாக எடுக்கலாமா? என் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உயர்கல்விக்கான நிதிதான் என் ஆய்வுத் துறை. அரசுக் கல்லூரியில் நீங்கள் பார்க்கும் அதே உதவித்தொகை மேஜையையும் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் மாணவர்கள் விவரம் தெரியாததால் நிற்கவில்லை, உதவி இல்லாததாலும் நிற்கவில்லை. கட்டணம் கட்ட வேண்டிய தேதியும் உதவித்தொகை கணக்கில் விழும் தேதியும் வெவ்வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு டஜன் சின்னச் சின்னத் தடைகள் கிடக்கின்றன. வாட்ஸப் செய்தி அவற்றில் ஒன்றைக்கூட நகர்த்தாது.

இதை அனுமானமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கல்லூரி உதவி கேட்பவர்கள் ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பல ஆண்டுகளாக நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளோடு இருந்த படிவம் அது. 2008இல் ஒஹையோவிலும் வட கரோலைனாவிலும் பெட்டிங்கர், லாங், ஓரியோபூலஸ், சான்பொன்மாட்சு ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்கள் வருமான வரிக் கணக்கு போட ஹெச் அண்ட் ஆர் பிளாக் என்ற நிறுவனத்தின் கிளைகளுக்கு வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அங்கேயே ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து சில நிமிடங்களில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். என்ன தொகை கிடைக்கும் என்றும் அப்போதே சொன்னார். இன்னொரு பிரிவினருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, "நீங்களே விண்ணப்பியுங்கள்" என்று அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பள்ளி இறுதியாண்டுப் பிள்ளை இருந்த வீடுகளில், படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு ஆண்டு கல்லூரியில் நீடித்தவர்கள் 36 சதவீதம். உதவி பெறாதவர்களில் அது 28 சதவீதம். தகவல் மட்டும் பெற்ற பிரிவில் எந்த மாற்றமும் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கானது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 8 லட்சம் மாணவர்களுக்குச் செய்திகள் அனுப்பி, "விண்ணப்பியுங்கள், விண்ணப்பியுங்கள்" என்று நினைவூட்டிப் பார்த்தார்கள். சேர்க்கையில் அசைவே இல்லை. ஆகவே உங்கள் வாட்ஸப் குழு தோற்றதற்கு உங்களையோ மாணவர்களின் அலட்சியத்தையோ குறை சொல்ல வேண்டாம்.

இன்னொரு சோதனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பெரும்பாலும் இலவசமாகவே இடம் கிடைத்துவந்தது. ஆனால் விண்ணப்பித்து, சேர்ந்து, படிவங்களைக் கொடுத்து, கணக்கு முடிந்த பிறகுதான் அவர்களுக்கு அது தெரியும். 2015இல் தொடங்கி சூசன் டைனார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பவைத்தார்கள். "உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கல்விக் கட்டணம் கிடையாது, நிதிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம்" என்பதே கடிதத்தின் சாரம். கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26. சேர்ந்தவர்கள் 27 சதவீதம், மற்றவர்களில் 12. கைக்கு வரும் தொகை ஏறக்குறைய முன்பு போலத்தான். "வரும்" என்ற உறுதி முன்னாலேயே கிடைத்ததுதான் புதிது.

நீங்கள் கேன்வாஸிங்கில் கொடுக்கும் வாக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் இருக்கு" என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. எந்தத் திட்டம், இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா, எத்தனை ரூபாய், எந்த மாதம், அதுவரை கல்லூரி பொறுக்குமா? கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் அப்பாவுக்கு வேண்டியது இந்த ஐந்துக்கும் பதில். பதில் தெரியாமல் சேர்த்துவிட்டால், அவர் ஜூன் மாதம் முதல் தவணைக்குக் கடன் வாங்குவார், டிசம்பரில் இரண்டாவதற்கு யோசிப்பார், ஜனவரியில் பையனைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்.

நம் மாநிலத்தில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கைக்கு உயர்கல்வியில் இருப்பவர்கள், 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு சேர்ந்தவர்களை எண்ணுகிறது. ஒரு பெண்ணை முதலாண்டில் பிடித்து மூன்றாம் ஆண்டு வரை பின்தொடர்வதில்லை. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த 47க்குள் ஒருமுறை எண்ணப்பட்டவர்கள்தான்.

திட்டங்கள் ஒவ்வொன்றும் யாருக்கு என்பதில் ஊரில் பெரிய குழப்பம் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்துக்கு அலைந்து, தாலுகா அலுவலகத்தில் காத்திருந்து வாங்கி வருகிறார்கள். 2010இல் வந்த அந்தச் சலுகை பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கானது. உங்கள் பி.காம். வகுப்பில் அதற்கு வேலையில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படியே. உங்கள் கேன்வாஸிங் குழுவில் யாராவது இந்த இரண்டையும் சொல்லிச் சேர்க்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். சேர்க்கிறார்கள் என்றால், ஜனவரியில் நிற்கும் பிள்ளைகளில் ஒரு பங்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

புதுமைப் பெண் அப்படியல்ல. 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். ஆனால் இது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும் பணம். உங்கள் கல்லூரி செமஸ்டர் கட்டணத்தை இது தாங்காது. கைச்செலவையும் கட்டணத்தையும் கலந்து, "அதான் மாசம் ஆயிரம் வருதே" என்று பேசும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தைத் தாங்கக்கூடியது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2012இல் வந்த அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் இதை விரித்தது. முன்பு பணம் கல்லூரிக்கு வரும். இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. கொள்கையளவில் நல்ல மாற்றம், இடைத்தரகு போயிற்று. விளைவு என்னவென்றால், பணம் தன் கைக்கு வராது என்று தெரிந்த நிர்வாகம் ஜூன் மாதமே, "முதலில் கட்டு, வந்ததும் நீ எடுத்துக்கொள்" என்கிறது. உதவித்தொகை கல்வியாண்டின் பின்பகுதியில் வருகிறது. நடுவில் உள்ள மாதங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. இருக்கும் பணத்தை அம்மா சுயஉதவிக் குழுக் கடனாகப் புரட்டிக் கட்டியிருப்பார். உதவித்தொகை வந்ததும் அது கடனுக்குப் போகும். அடுத்த செமஸ்டருக்கு மறுபடி பூஜ்யம். பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுயநிதிக் கல்லூரியில் இந்த அளவு முழு உதவியும் கிடையாது. ஆகவே அவர்கள் வேறு காரணத்துக்காக, ஆனால் அதே ஜனவரியில் நிற்பார்கள்.

இனி தடைகள். உங்களுக்கே தெரிந்தவைதான் என்றாலும் வரிசைப்படுத்திப் பார்க்க நேரம் இருந்திருக்காது. மாற்றுச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மென்பொருளுக்கு இவர்கள் மூன்று பேர். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு, பதினெட்டு நிறைந்ததும் கேஒய்சி புதுப்பிக்காததால் முடங்கிக் கிடக்கிறது. இ-சேவையில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தேவையான கேன் என்ற குடிமக்கள் கணக்கு எண்ணோடு இணைத்த செல்போன் எண், அண்ணன் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம். ஓடிபி அங்கே போகிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் ஆளை அலைக்கழிப்பது ஆதார் இணைப்பு. நேரடிப் பணப் பரிமாற்றம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். பாஸ்புக் நகல் கொடுத்தாயிற்று, அலுவலகத்தில் "அனுப்பியாச்சு" என்கிறார்கள், கணக்கிலோ ஒன்றுமில்லை என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், "இடையில் தபால் ஆபீஸில் கணக்கு எதுவும் ஆரம்பிச்சியாம்மா?" என்று கேளுங்கள். பல நேரம் பதில் அங்கே இருக்கும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பக்கம் இருக்கிறது. அவளையே திறக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சேர்க்கை முடிந்த முதல் இரண்டு வாரத்துக்குள், வகுப்புக்கு ஒரு நாள் வீதம், கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். வரும்போது ஆதாரோடு இணைத்த போன் யாரிடம் இருக்கிறதோ அவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் பக்கத்து வங்கிக் கிளையிலிருந்து ஒருவரும் இ-சேவை மையத்திலிருந்து ஒருவரும் கல்லூரிக்கு வர முதல்வர் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் வருவார்கள். அவர்களுக்கும் கணக்குச் சேர்கிறது. படிவத்தைக் கொடுத்துவிட்டு நகர வேண்டாம். விண்ணப்ப எண் திரையில் வரும்வரை யாரையும் எழுப்பவும் வேண்டாம். அந்த ஃபாஃப்சா சோதனையில் வேலை செய்தது இந்தப் பக்கத்தில் உட்கார்ந்த சில நிமிடங்கள்தான். வசதியுள்ள மாணவர்களில் சிலரையும் இதற்குத் துணையாகப் பயிற்றுவிக்கலாம். ஆனால் வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவை அவர்கள் கண்ணில் படக் கூடாது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் போய், "எஸ்சி எல்லாம் எழுந்திரு, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்கிக்கோ" என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. நோட்டீஸ் போர்டில் பெயரோடு வகுப்பையும் ஒட்டுகிறார்கள். அதே பட்டியல் வாட்ஸப் குழுவிலும் வருகிறது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பதினேழு வயதுப் பிள்ளை அறுபது பேர் பார்க்க எழுந்து நிற்க வேண்டும் என்றால், சில பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். விண்ணப்பிக்காதவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் வரும். "அக்கறை இல்லாதவன்" என்று நாம் எழுதிக்கொள்வோம். உங்கள் கல்லூரியில் இது நடந்தால் முதலில் நிறுத்த வேண்டியது இது. எல்லா மாணவர்களையும் பதிவெண் வரிசையில் கூப்பிட்டு, எல்லோரையும் திரை முன் உட்காரவைத்தால் யாருக்கு எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

ஹால் டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் வசூலிப்பது ஆசிரியர் வேலையல்ல. சுயநிதிக் கல்லூரிகளில் அதை ஆசிரியர் தலையில் கட்டுவது, நீங்கள் மாணவருக்கு முன்னால் நிற்பதைவிட நிர்வாகத்துக்கு முன்னால் அதிகம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். வேலையைப் பணயம் வைத்துச் சண்டை போடுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எனக்கு எளிது. அதனால் சொல்ல மாட்டேன். பாக்கிப் பட்டியலை வாய்மொழியாக வாங்காதீர்கள். பாக்கி உள்ளவர்களில் யாருக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, விண்ணப்ப எண் என்ன, எந்தத் தேதியில் கல்லூரி அளவில் சரிபார்த்து அனுப்பினோம் என்று ஒரு தாள் தயாரித்து, "இவர்களுக்குத் தொகை வரும்வரை அவகாசம் தரலாம்" என்ற குறிப்போடு முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். முகம் தெரியாத பாக்கிதாரரை நிறுத்துவது எளிது. விண்ணப்ப எண்ணோடு இருக்கும் மாணவரை நிறுத்தக் கொஞ்சம் தயங்குவார்கள். சரிபார்ப்பில் தாமதம் கல்லூரியிலேயே நடந்திருந்தால் அதுவும் அந்தத் தாளில் தெரிந்துவிடும் என்பதால் முதல்வர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்துக்கு மாணவர்கள் மனு கொடுக்கவும் இதே தாள் உதவும். படிப்பை விட்டுப் போகும் பிள்ளையின் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பாக்கிக்காகப் பிடித்துவைக்க நேர்ந்தால், பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பு கல்லூரிகள் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. அதைப் பெற்றோருக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சொந்தப் பணத்தைக் கொடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். இருபதாயிரத்துக்குள் வாங்குபவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தை மறைவாகக் கட்டுவது நல்ல மனசு. ஆனால் யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம் என்ற பேச்சு வந்தால் உங்களால் பதில் சொல்ல முடியாது. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், சில நூறு டாலர் பாக்கிக்காக மாணவர்களின் பெயர் நீக்கப்படுவதைக் கவனித்து, 2011 முதல் அந்தச் சிறு பாக்கியைத் தானே கட்டிவிடுகிறது. மாணவர் விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்களே அதில் அதிகம் என்பதால் அதன் வெற்றிக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. இருந்தாலும் யோசனை நல்லது. உங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பிரியாணி போட்டுப் போட்டோ எடுப்பதோடு நிற்காமல் தேர்வுக் கட்டணத்துக்கென்று ஒரு சின்ன வைப்பு வைத்தால் போதும். மூன்று பேர் கையெழுத்து, ஒரு பதிவேடு. உங்கள் பெயர் அதில் ஒன்றாக இருக்கட்டும். தனியாக இருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் ஆய்வு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் நம் வணிகவியல் துறைகளின் வழக்கப்படி, "உதவித்தொகை பெறும் மாணவர்களின் விழிப்புணர்வும் மனநிறைவும் - இன்ன மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு" என்று தலைப்பு வைத்து, ஐந்து கட்டக் கேள்வித்தாளை வகுப்பில் கொடுத்து, சதவீதம், கை வர்க்கம், கேரட் தரவரிசை என்று வழக்கமான புள்ளியியல் கணக்குகளைப் போட்டு முடிப்பதாக இருந்தால், உங்கள் மாலை நேரத்தைப் பிள்ளையோடு செலவிடுங்கள் என்பேன். வகுப்பில் கேள்வித்தாள் கொடுத்தால் வகுப்பில் இருப்பவர்தான் பதில் எழுதுவார். உங்கள் கேள்வியோ வகுப்பில் இல்லாதவரைப் பற்றியது.

ஆய்வுக்கான பொருள் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது, தேதிகளாக. கட்டணக் கெடு, விண்ணப்பித்த நாள், கல்லூரி சரிபார்த்த நாள், மாவட்டம் ஒப்புதல் கொடுத்த நாள், பணம் விழுந்த நாள், மாணவர் கடைசியாக வகுப்புக்கு வந்த நாள். இந்த ஆறையும் ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களுக்கு, ஒரு அரசுக் கல்லூரி, ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி, ஒரு சுயநிதிக் கல்லூரி என்று மூன்று இடத்தில் நான்கு செமஸ்டர் தொடர்ந்து எடுத்தால், கெடுவுக்கும் பணத்துக்கும் உள்ள இடைவெளி நீள நீள நின்றுபோவோர் கூடுகிறார்களா என்று நேரடியாகப் பார்க்கலாம். நான் முதல் பத்தியில் அடித்துச் சொன்னதையும் சேர்த்துத்தான் சோதிக்கச் சொல்கிறேன். கூடவில்லை என்று வந்தால் அதுவும் ஆய்வு முடிவுதான். அப்போது பஸ் வசதியையும், கல்யாணத்தையும், ஆங்கில வழிப் பாடத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கும். மாவட்டவாரியாக எப்போது எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பதில் தர 30 நாள் கெடு. முதல் முறை சரியான பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், சலிப்படைய வேண்டாம்.

நின்றவர்களைத் தேடிப் போகத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறையன்று, வீட்டில். "ஏன் படிப்பை விட்டாய்?" என்று கேட்டால் எல்லோரும் "வீட்டு கஷ்டம்" என்பார்கள், அதோடு பேச்சு முடியும். "கடைசியாகக் காலேஜுக்கு வந்தது என்றைக்கு? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அலுவலக வாசலில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையோ, ஹால் டிக்கெட்டோ, தங்கையின் சடங்கோ வெளியே வரும்.

உங்கள் சொந்தக் கல்லூரியை ஆய்வில் சேர்க்காமல் இருப்பது நல்லது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியை, "சம்மதமா?" என்று கேட்டால் மாணவர் "இல்லை" என்று எப்படிச் சொல்வார்? இன்சார்ஜ் என்ற முறையில் உங்கள் கைக்கு வந்த ஆவணங்களை ஆய்வுக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமையில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆதார் எண்ணை எந்தத் தாளிலும் குறிக்கவே வேண்டாம்.

உங்கள் பிழைப்புக்கு இந்தப் பட்டம் எவ்வளவு உதவும் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் மானியக் குழு விதியைத் திருத்தியபின் உதவிப் பேராசிரியர் பணிக்கு தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. உங்களிடம் செட் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் பட்டம் சம்பளத்தைப் பெரிதாக உயர்த்திவிடாது. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களே மாதம் 25,000 தொகுப்பூதியத்தில் நிற்கிறார்கள். மானியக் குழு 2019இல் வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று சொன்னது ஏட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆள் மாறும் மேஜையில் உதவித்தொகைக் கோப்பு எப்படி நகரும் என்று மாணவர் நிதியைப் பற்றி எழுதுபவர்கள் கேட்பதில்லை. ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி எழுதுபவர்களும் கேட்பதில்லை. உங்கள் ஆய்வில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால் எனக்கு மகிழ்ச்சி.

நடைமுறைக்கு: 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி பகுதிநேரப் பதிவுக்கு நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் தரும்படி பணி அமைந்துள்ளது, தேவைப்பட்டால் பாடப்பயிற்சிக்காக விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரிகள் முதலாவதை மட்டும் எழுதி முத்திரை குத்தும். நீங்களே மூன்றையும் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். அதிகபட்சக் கால அளவு ஆறு ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. வழிகாட்டிக்கு ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அவரால் புதிய மாணவரை எடுக்க முடியாது, அதை முதலிலேயே விசாரியுங்கள்.

பதிவின்போது பல்கலைக்கழகம் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும். உங்கள் சான்றிதழ்களைக் கேட்டு வாங்க இதைவிட நியாயமான சந்தர்ப்பம் வராது. தடையின்மைச் சான்றுக்கான விண்ணப்பத்திலேயே, எந்தெந்தச் சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கிறது என்று எண்களோடு எழுதி, அவற்றைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். கிடைத்தபின் கல்லூரிக் கோப்புக்குச் சான்றொப்பமிட்ட நகல் கொடுத்தால் போதும். ஒரிஜினலே வேண்டும் என்று அலுவலகம் கேட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.